எட்டாவது முடிச்சு

லா சப்பல், பரிஸ்
6 ஒக்ரோபர் 2024

தம்பி வாமதேவன் அறிவது,

இடுப்புக்குள்ள வைச்ச இரும்பு என்னோடை சண்டை பிடிக்காமல் இருக்குது. பொல்லோடை மெத்ரோப் படியடி வரை போய் வாறன். நீயும் உன்ரை மனுசி நாகேஸ்வரியும் இருமல் தடிமன் இல்லாமல் இருக்கிறியளோ?

எங்கடை கோடை விடுதி ஏரியடியை எந்த வருசம் வாங்கினது எண்டு போனில கேட்டனி. பிராங்க் காசு போய் யூரோ வந்த வருசம். ஊரில கண்டி றோட்டுத் திறந்து சனம் பஸ்சில யாழ்ப்பாணம் போன வருசம். பிரான்ஸ் உலகக் கோப்பைக்குப் போய் ஒரு கோலும் அடிக்காமல் வீட்டை வந்த வருசம். கூட்டாளி சுப்ராயன் மூண்டு நாள் சாப்பிடேல்லை. ஒக்ரோபரில ஒரு வியாழக்கிழமை. நீ அப்ப ஜேர்மனியில. பத்திரம் எழுதுற நொத்தேரிட்டைப் போனது நாலு பேர். சுப்ராயன், எங்கடை தங்கச்சி புருசன் சிவமணி, நான், இடத்துக்காரி ஜெனவியேவ். அவ முழுக்க விக்கேல்லை, தானும் ஒரு பங்கு வைச்சவ. மற்ற மூண்டு பேரும் பேனை பிடிச்சினம். எனக்குக் கையெழுத்துத் தெரியாது எண்டு நொத்தேர் தானே எழுதிக்கொண்டார். ஜெனவியேவ் விடேல்லை. என்ரை பெருவிரலில மையைப் பூசி, “வை, சிவா” எண்டா.

உனக்கு ஏன் இப்ப வருசம்?

ஒப்பரேசனுக்கு வெளிக்கிட முதலே கயிறு முடிஞ்சு ஏரியடிக் கந்தோர் ஆணியில கொழுவி விட்டனான். எழுத்துத் தெரிஞ்சவை பட்டியல் எழுதுவினம், எனக்குக் கயிறு. இருபத்தாறு முடிச்சு, மேலையிருந்து கீழ. ஒரு வேலை முடிய ஒரு முடிச்சை அவிழ். முதல் தண்ணி, பிறகு மெத்தை, பிறகு வள்ளங்கள். கடைசி முடிச்சிலை நீ கை வைக்காதே. அது சாப்பாட்டு மணியின்ரை நாக்கைக் கழட்டிச் சீலையில சுத்தி வைக்கிறது. ஜெனவியேவின்ரை வேலை.

போனில எனக்கு அரைவாசி கேக்காது. கடிதமெண்டால் திருப்பி வாசிக்கச் சொல்லலாம். எழுதுறது பக்கத்து அறை அந்தோணியம்மா. புதுச்சேரிக்காரி, மேரியில, நகரசபைக் கந்தோரில, வேலை பாத்து பென்சன் எடுக்கிறவ. என்ரை பேச்சைத் திருத்தாமல் எழுதுங்கோ எண்டு சொல்லியிருக்கு.

அண்ணன்
சிவக்கொழுந்து


ஏரியடி
15 ஒக்ரோபர் 2024

அன்பின் அண்ணைக்கு,

கடிதம் கிடைச்சது. நாங்கள் இரண்டு பேரும் சுகம். நாகேஸ்வரிக்கு முழங்கால் மட்டும் மழைக்கு முதல் சொல்லுது. நீங்கள் படியில ஏறி இறங்கி விளையாட வேண்டாம்.

கயிற்றின்படி நடக்குது. எட்டுக் குடிலிலையும் தண்ணி வடிச்சு, குழாயெல்லாம் திறந்து விட்டு, கக்கூசுக்குள்ள உறையாமல் இருக்கிறதுக்கு அந்த றோசா நிறத் தண்ணியும் ஊத்தியாச்சு. மெத்தையளை நிமித்திச் சுவரோடை சாத்தியிருக்கு. பிரிட்ச் கதவுகளுக்குத் தடி குடுத்து நீக்கல் விட்டாச்சு. அஞ்சாம் குடிலில ஆவணி மாசத்துக் கலியாண வீட்டுக்காரர் விட்டுட்டுப் போன பலகாரப் பெட்டியில எலி குடும்பம் நடத்தியிருக்கு. நாகேஸ்வரி கத்தின கத்தில எலி ஏரியில பாய்ஞ்சிருக்கும்.

வருசம் சும்மாதான் கேட்டனான். காப்புறுதிக்காரர் ஏதோ படிவம். அதோடை அண்ணை, வாங்கின பத்திரம் எந்தப் பெட்டியில இருக்கு?

இனி வள்ளங்கள். இஞ்சை எல்லாரும் உங்களைக் கேட்டவை.

தம்பி
வாமதேவன்


லா சப்பல்
20 ஒக்ரோபர் 2024

தம்பிக்கு,

நான் நேற்றையைப் போலத்தான் இருக்கிறன். நாகேஸ்வரியின்ரை முழங்காலுக்கு வேப்பெண்ணெய் வாங்கி வைச்சிருக்கிறன், வாற ஆரிட்டையும் குடுத்து விடுறன்.

உன்ரை கடிதத்தை அந்தோணியம்மா இரண்டு தரம் வாசிச்சா. எட்டுக் குடில் எண்டு எழுதினது உண்மையோ, கை வழுக்கினதோ?

கயிற்றில தண்ணிக்கு நான் போட்டது ஏழு முடிச்சு. இருபத்திரண்டு வருசமா ஏழுதான். ஏனெண்டால் முதலாம் குடிலில மாரி முழுக்க ஜெனவியேவ் இருக்கிறா. இருக்கிற ஆளின்ரை குழாயை ஆராவது வடிப்பினமோ? அவ முகம் கழுவ ஏரிக்குப் போறாவோ? ஏழு முடிச்சை வைச்சுக்கொண்டு எட்டுக் குடிலை நீ எப்பிடி வடிச்சனி? எட்டாவதுக்கு ஆர் சொன்னது?

இன்னுமொண்டு. நீ எழுதின ஒரு பக்கத்தில எலியின்ரை குடும்பத்துக்கு இடமிருந்தது, ஜெனவியேவின்ரை பேருக்கு இடமில்லை.

பத்திரம் இருக்கிற இடம் எனக்குத் தெரியும். அது அங்கையே இருக்கட்டும்.

சிவக்கொழுந்து


ஏரியடி
2 நொவெம்பர் 2024

அன்பின் அண்ணைக்கு,

பதில் பிந்திப் போச்சு, கோவிக்காதேங்கோ. மிதவை மேடையை இழுத்துக் கரையில ஏத்திறதுக்கு றக்ரர்காரன் வாறன் வாறன் எண்டு ஒரு கிழமை சாட்டுச் சொன்னான். உங்கடை இடுப்பு எப்பிடி? ஊசி முடிஞ்சுதோ?

ஜெனவியேவ் இந்த மாரிக்கு மகள் ஆனைஸ் வீட்டை போயிட்டா. முதலாம் குடிலின்ரை புகைக்கூட்டுக்குள்ள வெடிப்பு, அடுப்பு எரிக்க ஏலாது எண்டு திருத்திறவன் சொன்னவன். அதுதான் அங்கையும் வடிச்சனான். வடிக்காமல் விட்டால் குழாய் உறைஞ்சு வெடிச்சிடும் எண்டு நீங்கள் தானே சொல்லித் தந்தனீங்கள்.

காலால மிதிக்கிற வள்ளம், பெடலோ பன்னிரண்டும் கவிழ்த்தாச்சு. கூரைப் பீலியளுக்குள்ள இருந்த சருகு அள்ளினது பதினாலு சாக்கு. காஸ் கழட்டியாச்சு. சாளரக் கதவெல்லாம் பூட்டியாச்சு. கயிற்றில ஒரேயொரு முடிச்சுத்தான் மிச்சம். பின்னேரத்தில நல்ல காத்து, மணி ஓயாமல் அடிச்சுக்கொண்டிருக்கு. வேற புதினம் இல்லை.

நாகேஸ்வரி நல்லாச் சாப்பிடட்டாம்.

வாமதேவன்


லா சப்பல்
10 நொவெம்பர் 2024

வாமதேவனுக்கு,

ஊசி முடிஞ்சுது. சாப்பிடுறன். என்ரை உடம்பைப் பற்றி இவ்வளவுதான்.

ஆனைஸ் வீட்டையோ? தேப்பன் செத்த வீட்டில தாயும் மகளும் ஒரு கதிரைக்குச் சண்டை பிடிச்சு இருபத்தஞ்சு வருசம். அந்தப் பிள்ளையின்ரை வீட்டுப் பக்கம் தலை வைச்சும் படுக்கமாட்டன் எண்டு எனக்கு முன்னால சொன்னவ. வெடிச்ச புகைக்கூட்டுக்காகப் போனவவோ? புகைக்கூட்டை நானும் அவவும் போன வருசம் பூசினது. மழைக்குத் தரப்பாள் பிடிச்சது நீ.

மணி அடிக்குது எண்டு எழுதியிருக்கிறாய். அவ போகேக்குள்ள நாக்கைக் கழட்டாமலோ போனவ? செத்த புருசனுக்குப் பூ வைக்க மறந்தாலும் மணியை மறவாத மனுசி. காத்துக்கு அடிக்கிற மணி ஆளைக் கூப்பிடுற மாதிரி இருக்குமாம், அவவுக்கு நித்திரை வராதாம்.

நான் நினைக்கிறதை ஒளிக்காமல் சொல்லுறன். நீ வருசம் கேக்கிறாய். பத்திரம் கேக்கிறாய். கிழவியை எழுப்பி எங்கையோ அனுப்பிப்போட்டுத் தண்ணியை வடிச்சிருக்கிறாய். மாரிக்குப் பூட்டிறது ஒரு பூட்டு. விக்கப் பூட்டிறது வேற பூட்டு. நீ எதைப் பூட்டிறாய்? ஆர் வந்து பாத்தவன்?

அவ இருக்கிறா எண்டால் எனக்கு ஒரு அட்டை வரும். ஒவ்வொரு மாரியும் ஏரி முதல் உறையிற அண்டைக்கு அவ எனக்கு அட்டை போடுறவ. எழுத்தில்லை, எனக்குத் தெரியாது எண்டு படம் கீறித்தான். இருபத்திரண்டு அட்டை கட்டிலுக்குக் கீழ இருக்கு. இருபத்திமூண்டாவதுக்குப் பாத்துக்கொண்டிருக்கிறன்.

சிவக்கொழுந்து

(எழுதுபவர்: ஐயா சத்தமாகச் சொன்னதால் சத்தமாகவே எழுதியிருக்கிறேன். மன்னிக்கவும். – அந்தோணியம்மாள்)


ஏரியடி
8 டிசெம்பர் 2024

அன்பின் அண்ணைக்கு,

ஒரு மாசமா எழுதேல்லை. எனக்குக் காய்ச்சல், பிறகு நாகேஸ்வரிக்கு. இப்ப இரண்டு பேரும் எழும்பி நடமாடுறம். உங்களுக்கு அங்கை ஹீற்றர் வேலை செய்யுதோ?

நீங்கள் எழுதினது மனசைக் குத்திப்போட்டுது. நான் உங்களுக்குத் தெரியாமல் ஒரு ஆணியைக் கூட விக்கமாட்டன். ஜெனவியேவ் மகளோடை ராசியாகிட்டா. வயசு போகப் போக எல்லாரும் இளகிறது தானே. உங்களுக்கெண்டு கீறின அட்டையை என்ரை விலாசத்துக்கு அனுப்பியிருந்தவ. இதோடை வைச்சிருக்கிறன்.

இஞ்சை கரையோரம் உறையத் துவங்கீட்டுது. கவனமா இருங்கோ.

வாமதேவன்

(அந்தோணியம்மா அக்காவுக்கு மட்டும். இதை அண்ணைக்கு வாசிக்க வேண்டாம். ஜெனவியேவ் செப்ரெம்பர் 21ஆம் திகதி செத்துப் போனா. அண்ணைக்கு ஒப்பரேசன் நடந்து இரண்டாம் நாள். இப்ப தெரிஞ்சால் பொல்லோடை ரெயில் ஏறி வந்திடுவார். கொஞ்சம் நடந்து பழகட்டும், தைக்கு நான் நேரில வந்து சொல்லுறன். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்.)


லா சப்பல், சஞ்சீவன் போன் கடை
15 டிசெம்பர் 2024

வாமதேவனுக்கு,

கையெழுத்து மாறியிருக்கும். இது போன் கடைச் சஞ்சீவன். ஐம்பது வயசு, கடன் கேட்டால்தான் காது கேக்காது, மற்றும்படி நம்பலாம். இதை நான் சொல்ல அவன் சிரிச்சுக்கொண்டு எழுதுறான்.

முதல் அட்டையைச் சொல்லுறன். குடில் இருக்கு, ஏரி இருக்கு, பனி இருக்கு. கரையில ஒரு மரம். ஜெனவியேவ் கீறிற மரம் கோபுரம் மாதிரி, மேல ஒடுங்கி, கீழ பாவாடை விரிச்சு நிலம் வரைக்கும் வரும். இந்த மரத்துக்கு நெட்டையா ஒரு உடம்பு, உச்சியில மட்டும் ஒரு கொத்துத் தலை. சஞ்சீவன் பாத்த உடனை, “ஐயா, இது அசல் பனை. கள்ளு முட்டி கட்டத்தான் மறந்திருக்கினம்” எண்டான். பிரெஞ்சு ஏரிக்கரையில பனை நட்டது நாகேஸ்வரிதானே? நாப்பது வருசம் இந்தக் குளிருக்குள்ள இருந்தும் அவளின்ரை கைக்கு மரம் எண்டால் அதுதான். எனக்கு அவளில கோவமில்லை. கீறச் சொன்ன உன்னிலதான்.

இனிக் கடிதம். எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் எண்ணத் தெரியும். அந்தோணியம்மா வரிக்கு வரி விரல் வைச்சு வாசிக்கிறவ. உன்ரை பேரோடை விரல் நிண்டுது. அதுக்குக் கீழ இன்னும் எட்டு வரி மை இருந்தது. “முடிஞ்சுதோ?” எண்டன். “முடிஞ்சுது ஐயா” எண்டா. அவவின்ரை குரல் படியில தடக்கின மாதிரி இருந்தது. கடிதத்தை மடிச்சு வாங்கிக்கொண்டு இஞ்சை வந்தனான்.

சஞ்சீவன் அந்த எட்டு வரியையும் வாசிச்சான். கடைக்குள்ள நாலு பேர் நிண்டவை. ஒருத்தர் சிம் கார்ட் வாங்க வந்தவர். நான் அவைக்கு முன்னாலதான் கேட்டன்.

கடிதம் கிடைச்ச அண்டைக்கு எண்பத்தொரு நாள், தம்பி. இண்டையோடை எண்பத்தஞ்சு. நீ அட்டையில எனக்குப் பனை காட்டினாய்.

எப்பிடிச் செத்தவ, எங்கை வைச்சது, ஆர் நிண்டது. முழுக்க எழுது. எலிக்கதை வேண்டாம்.

சிவக்கொழுந்து


லா சப்பல்
17 டிசெம்பர் 2024

வாமதேவன் தம்பிக்கு,

அந்தோணியம்மாள் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான் சுகம், உங்கள் வீட்டிலும் அப்படியே இருக்கட்டும்.

உங்க அண்ணன் என்னோட பேசறதில்ல. கதவத் தட்டினா ரேடியோ சத்தத்தக் கூட்டறாரு. முப்பத்தாறு வருஷம் மேரியில மத்தவங்க காகிதத்த வாசிச்சுக் குடுத்தேன், ஒரு வரி விட்டதில்ல. உங்களுக்காக எட்டு வரி விட்டேன், மாட்டிக்கிட்டேன். நேத்து சூப் கொண்டு போனேன். கதவு பாதி திறந்திருந்துது. அந்த அட்டையெல்லாம் தரையில வரிசையா பரப்பி வச்சு, நடுவுல உக்காந்திருந்தாரு. உங்க அட்டையையும் தூக்கிப் போடல. வரிசையில கடைசியா வச்சிருந்தாரு.

தைக்குக் காத்திருக்காதீங்க. உடனே எழுதுங்க. இந்தத் தடவ ஒரு வரியும் விடாம வாசிப்பேன், அவர் விட்டா.

அந்தோணியம்மாள்


ஏரியடி
27 டிசெம்பர் 2024

அண்ணை,

உங்கடை சுகத்தைக் கேக்க எனக்கு முகமில்லை. எண்டாலும் கேக்கிறன்.

அண்டைக்குச் சனிக்கிழமை. காலமை அவ முதலாம் குடிலுக்குப் பின்னால வால்நட் பொறுக்கிக்கொண்டிருந்தவ. நாகேஸ்வரி சம்பல் கொண்டு போய்க் குடுத்தவள், “சிவாவுக்கு இரும்பு வைச்சாச்சோ?” எண்டு கேட்டவவாம். அரை மணித்தியாலம் கழிச்சு நான் போகேக்குள்ள மரத்தோடை சாய்ஞ்சபடி. பாதிக் கூடை நிரம்பியிருந்தது. டொக்டர் வந்து நெஞ்சு நிண்டுட்டுது எண்டார். கிராமத்துச் சவக்காலையில, புருசனுக்குப் பக்கத்தில. ஆனைஸ் வந்து அழுதவள். பெட்டி தூக்கினதில முன் வலக்கை நான். அந்தக் கூடையை இன்னும் ஆரும் எடுக்கேல்லை.

ஆஸ்பத்திரியில கிடக்கிற உங்களுக்கு என்னெண்டு சொல்லுறது? வீட்டை வந்தாப் பிறகு சொல்லுவம் எண்டு இருந்தம். அதுக்குள்ள கடைசி முடிச்சை அவவுக்கு விடு எண்டு கடிதம் வந்திட்டுது. அதை வாசிச்சுப்போட்டு நாகேஸ்வரி சமைக்கேல்லை. பிறகு ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒவ்வொரு பொய் தேவைப்பட்டுது. மணியில கை வைக்க எனக்குத் துணிவு வரேல்லை. அது இப்பவும் அடிக்குது.

மற்றதையும் சொல்லுறன், நீங்கள் சந்தேகப்பட்டது முழுக்கப் பிழையில்லை. அவவின்ரை பங்குக்காக நொத்தேர் பத்திரமும் வருசமும் கேட்டவர். அதோடை லியோனில இருந்து ஒருத்தன் இரண்டு தரம் வந்து கரையை அளந்தவன். நான் அவனைப் போகச் சொல்லேல்லை. எனக்கு அறுபத்தெட்டு. இந்த வருசம் ஒரு பெடலோவைக் கவிழ்க்க இரண்டு தரம் இருந்து மூச்சு எடுத்தனான். பாரம் பிடிக்க நீங்களும் இல்லை, திட்டிறதுக்கு அவவும் இல்லை. வித்தால் என்ன எண்டு நினைச்சனான். வாங்கேக்குள்ள வைச்ச நிபந்தனையின்படி, கையெழுத்து வைச்ச நாலு பேரில உயிரோடை இருக்கிற ஆக்கள் எல்லாரும் ஓம் எண்டால்தான் விக்கலாமாம். அவையின்ரை பேரை எழுதித் தரட்டாம், தை முடியிறதுக்குள்ள.

என்ன எழுதிறது எண்டு நீங்கள் சொல்லுங்கோ.

வாமதேவன்


லா சப்பல்
6 ஜனவரி 2025

தம்பிக்கு,

சுகமாயிருக்கிறன். நாகேஸ்வரியை நல்லாக் கேட்டதாச் சொல்லு. அவளின்ரை பனை அட்டை மற்றதுகளோடை கட்டிலுக்குக் கீழ இருக்கு. இருபத்திமூண்டாவது.

அந்தோணியம்மாவோடை இருபத்திநாலு நாள் கதைக்கேல்லை. முந்தநாள் சூப்பை வாசலில வைச்சுப்போட்டு, “குடிக்கலன்னா நானே குடிச்சிடுவேன்” எண்டு நிண்டா. குடிச்சன். உன்ரை கடிதத்தை அவ வாசிச்சா, பிறகு சஞ்சீவன் வாசிச்சான். இரண்டும் ஒண்டாத்தான் இருந்தது. இந்தக் கடிதத்தையும் ஒட்ட முதல் சஞ்சீவன் வாசிப்பான் எண்டு சொல்லியாச்சு. அவ, “வாசிக்கட்டும், என் கையெழுத்து அழகாத்தான் இருக்கும்” எண்டுறா.

நீ முதலாம் குடிலையும் வடிச்சது சரியான வேலை. வடிக்காமல் விட்டிருந்தால் எனக்கு ஒண்டும் பிடிபட்டிராது, அவவின்ரை குழாயும் வெடிச்சிருக்கும். நீ ஒழுங்கா வேலை செய்தபடியாத்தான் பிடிபட்டனி. அதை நினைச்சுக் கொஞ்சம் சிரிச்சனான்.

இனி ஏலாது எண்டு நீ முந்தியே சொல்லியிருக்கலாம். எனக்கும் ஏலாது. பெடலோ பன்னிரண்டும் எங்களுக்கு எதுக்கு? ஆறைக் குடுத்து விடு. ஏழாம், எட்டாம் குடிலை இந்தக் கோடைக்குத் திறக்க வேண்டாம். வள்ளம் தூக்க ஒரு ஆளைப் பிடி, என்ரை பென்சனில பாதி தாறன். கூடையை நாகேஸ்வரி எடுக்கட்டும், வால்நட் புழுக்க முதல். மணியைத் தொடாதே, அது அடிக்கட்டும். பங்குனியில சஞ்சீவன் காரில கொண்டு வந்து விடுறன் எண்டிருக்கிறான். கடைசி முடிச்சை நான் அவிழ்ப்பன். நாக்கைக் கழட்டி, சீலையில சுத்தி, அண்டைக்கே திருப்பிக் கொழுவிறன், கோடைச் சனம் வரும்தானே. அவவின்ரை வேலை செய்யாமல் கிடக்கப்படாது.

வாற ஐப்பசிக்குப் புதுக் கயிறு. அதில தண்ணிக்கு ஏழு முடிச்சில்லை. எட்டு. ஆடாமல் அசையாமல் இருந்து நேற்றே முடிஞ்சு வைச்சிட்டன்.

நொத்தேருக்கு உன்ரை கையாலேயே எழுதிக் குடு. அந்த வியாழக்கிழமை நாலு பேர் வந்தவை. சுப்ராயன் கொரோனா வருசம் சித்திரையில, நாங்கள் முகம் பாக்காமலே போனார். சிவமணி அதுக்கு மூண்டு வருசம் முந்தி, லெ பிளாங்-மெனிலில, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவப் போன இடத்தில. ஜெனவியேவ் போன செப்ரெம்பர் இருபத்தொண்டு, வால்நட் மரத்தடியில. உயிரோடை இருக்கிறது ஒரு ஆள்தான், அந்த ஆள் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை எண்டு எழுது. பேரைக் கேட்டால் பிழையில்லாமல் எழுத்துக்கூட்டிக் குடு: சின்னத்துரை சிவக்கொழுந்து.